படகு விகிதங்கள்: கணக்குப் போடுவதற்கு முன் எடையைச் சரிபாருங்கள்

நெடுந்தூரம் போக ஒரு பழைய பாய்மரப் படகு தேடுகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் ஒரு தாள் இருக்கிறது. டி/எல் (நீளத்துக்கு எவ்வளவு எடை) இவ்வளவு, எஸ்ஏ/டி (எடைக்கு எவ்வளவு பாய்) இவ்வளவு, கேப்சைஸ் எண் (கவிழும் வாய்ப்பு) 2-க்குக் கீழே, கம்ஃபர்ட் எண் (அசைவின் சுகம்) 30-ஐத் தொடுகிறது, ஆகவே கடல் தாங்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த நான்கு எண்களுக்குள்ளும் பொதுவாக இருப்பது படகின் எடை. விளம்பரத்தாள்களில் அதிகம் குறைத்துச் சொல்லப்படுவதும் அதேதான். எடை தப்பென்றால் நான்கும் தப்பு. போதாததற்கு, படகில் சாமான் ஏற ஏற நான்கில் இரண்டு எண்கள் 'முன்னேறுவது' போலக் காட்டும்.

கணக்கு கடினமில்லை. எடையைக் கிலோவில் எடுத்து 1,025-ஆல் வகுத்தால், படகு எத்தனை கன மீட்டர் கடல்நீரைத் தள்ளுகிறது என்று வரும். அதன் கனமூலத்தை எடுத்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்தது.

எஸ்ஏ/டி: பாய்ப் பரப்பை (சதுர மீட்டர்) அந்தக் கனமூலத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்.
கேப்சைஸ் எண்: படகின் அதிகபட்ச அகலத்தை (மீட்டர்) கனமூலத்தால் வகுக்க வேண்டும்.
டி/எல்: 27.87 × எடை (கிலோ) ÷ நீர்க்கோட்டு நீளத்தின் (படகு தண்ணீரைத் தொடும் நீளம்) கனம் (மீட்டரில், நீளம் × நீளம் × நீளம்). அமெரிக்கர்கள் லாங் டன்னிலும் அடியிலும் போடும் கணக்குக்கு இதே விடை வரும்.
கம்ஃபர்ட் எண்: இதற்கு மட்டும் பவுண்டும் அடியும் வேண்டும். எடை ÷ (0.65 × (0.7 × நீர்க்கோட்டு நீளம் + 0.3 × மொத்த நீளம்) × அகலத்தின் 1.333 அடுக்கு).

ஒரு மாதிரிப் படகை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய சாதாரண 40 அடி குரூயிசர் (பயணப் படகு): மொத்த நீளம் 12.2 மீட்டர், நீர்க்கோட்டில் 11.3, அகலம் 3.95, விளம்பரத்தாளில் எடை 8,200 கிலோ, பாய் 79 சதுர மீட்டர். 8,200-ஐ 1,025-ஆல் வகுத்தால் 8 கன மீட்டர், கனமூலம் 2. எஸ்ஏ/டி 19.75. கேப்சைஸ் எண் 1.975. டி/எல் 158. கம்ஃபர்ட் எண் 24.

விளம்பரத்தாள் சொல்வது இவ்வளவுதான். இனி இந்தப் படகில் குடித்தனம் ஏற்றுவோம்.

1,600 கிலோ எங்கிருந்து வருகிறது

தண்ணீர் 400 லிட்டர், 400 கிலோ. டீசல் 200 லிட்டர், ஏறக்குறைய 170. 10 மில்லிமீட்டர் சங்கிலி 60 மீட்டர், 140. நங்கூரம் 25. ரப்பர் டிங்கியும் (கரைக்குப் போய்வரும் சிறு படகு) அதன் அவுட்போர்டு மோட்டாரும் 75. லைஃப்ராஃப்ட் (உயிர்காப்புத் தெப்பம்) 35. நான்கு பேர், 320. சாப்பாட்டுச் சாமான் 150. கருவிப்பெட்டியும் உதிரிபாகங்களும் 150. கூடுதல் பேட்டரி, சோலார் பேனல், அதைத் தாங்கப் பின்பக்கம் நிறுத்திய ஸ்டீல் வளைவு எல்லாம் சேர்த்து 125. கூட்டினால் 1,590. இதில் ஆடம்பரம் என்று எதுவுமில்லை. புத்தகம், துணிமணி, இரண்டாவது நங்கூரம், டைவிங் சிலிண்டர் எதையும் சேர்க்கவே இல்லை.

1,600 கிலோ கூடினால் எடை 9,800. கனமூலம் 2.12. எஸ்ஏ/டி 17.5-க்கு இறங்குகிறது, டி/எல் 189-க்கு ஏறுகிறது. கேப்சைஸ் எண் 1.86 ஆகிறது, கம்ஃபர்ட் எண் 28.8 ஆகிறது. பின்பக்க வளைவில் டிங்கியைத் தொங்கவிட்டு, டெக்கில் டீசல் கேன்களைக் கட்டி, மாஸ்ட்டில் ரேடாரை ஏற்றியிருந்தாலும் சூத்திரம் 'படகு முன்பைவிடப் பத்திரம்' என்றுதான் சொல்லும். உண்மையில் புவியீர்ப்பு மையம் மேலேறி, நிமிரும் பலம் குறைந்திருக்கும்.

எடையை எங்கே சரிபார்ப்பது? முதல் இடம் யார்டு. படகைத் தூக்கும் டிராவல் லிஃப்ட்டில் லோட் செல் இருந்தால், தூக்கும்போது திரையில் தெரியும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன் பெல்ட், பின் பெல்ட் இரண்டையும் கூட்ட வேண்டும். அந்த நேரத்தில் தொட்டிகளில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு டீசல் இருந்தது என்றும் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. யார்டு லோட் செல்கள் துல்லியமானவை அல்ல. ஆனாலும் விளம்பரத்தாளைவிட அதையே நம்பலாம்.

தூக்க வழியில்லை என்றால் நீர்க்கோட்டைப் பாருங்கள். நீர்க்கோட்டு நீளம் × நீர்க்கோட்டு அகலம் × 0.67 × 10.25 என்று போட்டால், படகை ஒரு சென்டிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்று வரும். நமது மாதிரிப் படகுக்கு நீர்க்கோட்டு அகலம் 3.5 மீட்டர் என்று வைத்தால் சென்டிமீட்டருக்கு 270 கிலோ. 1,600 கிலோவுக்கு ஆறு சென்டிமீட்டர் இறங்கும். வடிவமைப்பாளர் வரைந்த கோட்டுக்கும் இப்போது தண்ணீர் தொடும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால் கூடுதல் எடை தெரிந்துவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பல உரிமையாளர்கள், பாசி பிடிக்கிறது என்று ஆண்டிஃபவுலிங் பெயின்ட்டையும் அதன் மேலுள்ள பட்டையையும் உயர்த்தி அடித்துவிடுகிறார்கள். பட்டைக்கு மேலே, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சில் பழைய பட்டையின் தழும்பு தெரிகிறதா, பட்டை ஒரு பக்கம் மட்டும் தடிமனாக இருக்கிறதா என்று கிட்டே போய்ப் பாருங்கள். காக்பிட்டின் (சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளம்) வடிகால் துளையின் வெளிவாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

டி/எல்: நீளம் எடையை மறைக்கும்

100-க்குக் கீழே அதிலேசு, 100 முதல் 200 வரை லேசு, 200 முதல் 300 வரை நடுத்தரம், 300-க்கு மேல் கனம், 400 தாண்டினால் மிகக் கனம் என்று பொதுவாகப் பிரிப்பார்கள். இந்த வகைப்பாட்டை நம்பிப் பேசுகிறவர்கள், வகுக்கும் இடத்தில் நீளம் மூன்று முறை பெருக்கப்பட்டு உட்கார்ந்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். அதே 8,200 கிலோ படகை, பழைய பாணியில் அணியமும் (முன்முனை) பின்பக்கமும் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, நீர்க்கோடு 9.5 மீட்டராக வரைந்தால் டி/எல் 266. செங்குத்தான அணியம் வைத்து 11.3-க்கு நீட்டினால் 158. எடையில் ஒரு கிலோவும் மாறவில்லை. எனவே டி/எல் குறைந்த புதுப் படகைப் பார்த்து 'தகரம் மாதிரி கட்டியிருக்கிறான்' என்பதும், 380 வரும் பழைய படகைப் பார்த்து 'கோட்டை' என்பதும் ஒரே தவறுதான்.

வேகத்துக்கு நேரடியாக உதவுவது நீர்க்கோட்டு நீளம். மீட்டரில் அதன் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் நாட் (மணிக்குக் கடல் மைல்) கணக்கில் ஹல் வேகம், அதாவது படகின் உடல் (ஹல்) இயல்பாக எட்டும் உச்ச வேகம், வரும். நமது மாதிரிப் படகுக்கு 8.2. கனமான படகால் இந்தத் தடையை எளிதில் தாண்ட முடியாது. லேசான படகு பின்காற்றில் அலை மேலேறி ஓடும்போது தாண்டும்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. 1968-69-இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய 'சுஹைலி' 32 அடி தேக்குப் படகு; பம்பாயில் கட்டப்பட்டது. வடிவமைப்பாளர் வில்லியம் ஆட்கின் வரைந்த 'எரிக்' என்ற வடிவம் அது. அதே எரிக்கிலிருந்து பின்னாளில் அமெரிக்காவில் கண்ணாடியிழையில் வந்தது வெஸ்ட்செயில் 32. அதன் எண்கள்: நீர்க்கோடு 27.5 அடி, அகலம் 11 அடி, எடை 19,500 பவுண்டு, பாய் 629 சதுர அடி. டி/எல் 418, எஸ்ஏ/டி 13.9. ஹல் வேகம் 7 நாட். சுஹைலி ஏறக்குறைய 30,000 கடல் மைலை 312 நாளில் முடித்தது. சராசரி 4 நாட். இந்த வகைப் படகை வாங்குகிறவர் எதிர்பார்க்க வேண்டியது இந்த நான்கைத்தான், ஹல் வேகத்தின் ஏழை அல்ல.

தனியாக நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயம் 2022-இல் தொடங்கியபோது, 32 முதல் 36 அடிக்குள் உள்ள நீள் கீல் படகுகளுக்கு (கீல் என்பது அடியில் இறங்கும் கனமான பகுதி; இதில் அது நீளமாக ஓடும்) மட்டுமே அனுமதி. கர்ஸ்டன் நாய்ஷேஃபர் வென்ற கேப் ஜார்ஜ் 36-க்கு நீர்க்கோடு சுமார் 31.5 அடி, அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்த ரஸ்ட்லர் 36-க்கு சுமார் 27 அடி. மாலுமியின் கை, வானிலை, பாய்த் தேர்வு எல்லாம் சேர்ந்துதான் பந்தயம். என்றாலும் மொத்த நீளம் ஒன்றே போல இருக்கும்போது தண்ணீருக்குள் நாலரை அடி கூடுதலாக இருப்பது சும்மா கிடைக்கிற சலுகை இல்லை.

எஸ்ஏ/டி: எந்தப் பாயை அளந்தார்கள்?

14-க்குக் கீழே என்றால் எஞ்சினை நம்பி ஓடும் படகு. 15, 16 நிதானமான நெடும்பயணப் படகு. 17, 18 நல்ல ஓட்டம். 20-க்கு மேல் போனால் பந்தய வாசனை. இந்த அளவுகோல் எல்லாம் மெயின்செயிலும் (பிரதானப் பாய்), மாஸ்ட்டுக்கும் முன் ஸ்டேவுக்கும் (மாஸ்ட்டை முன்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பி) நடுவே உள்ள முக்கோணமும் மட்டும் சேர்ந்த பரப்புக்கானது. விற்பனைத் தாளில் வருவதோ பல நேரம் அந்த முக்கோணத்தைப்போல 135 அல்லது 140 சதவீதம் உள்ள ஜெனோவா என்ற பெரிய முன்பாயைச் சேர்த்த பரப்பு.

நீங்களே போட்டுப் பாருங்கள். முன்முக்கோணத்தின் உயரம் 16.2 மீட்டர், அடி 4.7, பாதிப் பெருக்கல் 38. மெயினின் முன்விளிம்பு 15.6, அடி 5.25, பாதி 41. மொத்தம் 79. அதே முக்கோணத்துக்கு 140 சதவீத ஜெனோவா போட்டால் 53 ஆகி, மொத்தம் 94. எஸ்ஏ/டி 19.75-இலிருந்து 23.6-க்குத் தாவுகிறது. இரண்டு படகை ஒப்பிடும்போது இரண்டுக்கும் இந்த நான்கு அளவுகளை வாங்கி நீங்களே கணக்கிட வேண்டும். தாளில் அச்சிட்ட மொத்தத்தைத் தொடவே கூடாது. மெயினின் பின்விளிம்பு பிதுக்கத்தை ஒன்றில் சேர்த்து இன்னொன்றில் விட்டிருப்பதும் உண்டு.

அதன் பிறகும் ஒரு திருத்தம் தேவை. நீள் கீல் படகுக்குத் தண்ணீரில் நனையும் பரப்பு அதிகம். மெல்லிய காற்றில் அந்த உராய்வுதான் பிடித்து இழுக்கும். நீள் கீலில் 16 என்பது ஃபின் கீலில் (குறுகலான துடுப்பு போன்ற கீல்) 14 போலத்தான் நடந்துகொள்ளும். வங்காள விரிகுடாவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சென்னையிலிருந்து அந்தமான் போக நினைக்கிறவர் சாமான் ஏற்றிய பிறகு 16-க்குக் கீழே இறங்கும் படகை எடுத்தால் டீசலுக்கு வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடலில் அதே படகைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எஸ்ஏ/டி அதிகம் என்றால் ஆபத்து என்று சிலர் சொல்வதில் பொருளில்லை. பாயைச் சுருக்கலாம், இல்லாத பாயை விரிக்க முடியாது. கவனிக்க வேண்டியது மூன்றாவது ரீஃப் (பாயைச் சுருக்கும் மடிப்பு) மெயினில் தைத்திருக்கிறதா, அதைக் காக்பிட்டிலிருந்து இறக்க முடிகிறதா, புயல் ஜிப்புக்கு (சிறிய முன்பாய்) தனி ஸ்டே இருக்கிறதா என்பவைதான்.

கேப்சைஸ் எண்ணும் பேலஸ்ட் சதவீதமும்

1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்துக்கு 303 படகுகள் கிளம்பின. நடுவழியில் பிடித்த புயலில் 15 பந்தய மாலுமிகள் உயிரிழந்தார்கள். பல படகுகள் கவிழ்ந்தன. சில, கவிழ்ந்த நிலையிலேயே சற்று நேரம் நின்றன. அதையொட்டி அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்ததுதான் இந்த எண். அகலம் அதிகமாகி எடை குறைந்தால் கவிழும் வாய்ப்பும், கவிழ்ந்த பின் நிமிராமல் கிடக்கும் வாய்ப்பும் கூடும் என்ற சரியான கவனிப்பை ஒரே வரியில் அடக்கினார்கள். 2-க்கு மேல் போனால் பெருங்கடலுக்கு ஆகாது என்று கழித்துக்கட்டும் ஒரு சல்லடை; அவ்வளவே.

சூத்திரத்தில் எடை எங்கே இருக்கிறது என்ற கேள்வியே இல்லை. கீலில் உள்ள மூன்று டன் ஈயத்தைக் கழற்றி மாஸ்ட் உச்சியில் கட்டினாலும் எண் மாறாது. மாதிரிப் படகுக்குச் சாமான் ஏற்றிய பின் 1.86 வந்ததல்லவா? அதே ஃபாஸ்ட்நெட்டில் மிகச் சிறிய பிரிவில் பந்தயத்தை முடித்த ஒரே படகான 'அசென்ட்' ஒரு கான்டெஸா 32. அகலம் 9.5 அடி, எடை 9,500 பவுண்டு, எண் 1.79. பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் நிமிரும் விசை பூஜ்யமாகும் கோணம் கான்டெஸாவுக்கு ஏறக்குறைய 155 பாகை. அகலமான புதிய 40 அடிப் படகுகளில் 115 முதல் 125 வரைதான் சாதாரணம். தலைகீழானால் ஒன்று அடுத்த அலையிலேயே திரும்பி எழும். மற்றது தலைகீழாகவே நெடுநேரம் நிற்கக்கூடும்.

பேலஸ்ட் சதவீதமும் (மொத்த எடையில் கீல் பாரத்தின் பங்கு) அப்படித்தான். கான்டெஸாவில் 4,500 பவுண்டு, 47 சதவீதம். வெஸ்ட்செயிலில் 7,000, 36 சதவீதம். ராபர்ட் பெர்ரி வரைந்த வேலியன்ட் 40-இல் 7,700, 34 சதவீதம். இந்த மூன்றையும் வரிசைப்படுத்தி வேலியன்ட்டைக் கடைசியில் வைத்தால் அது அநியாயம். பேலஸ்ட் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, ஹல் வடிவம் எவ்வளவு உதவுகிறது என்று தெரியாமல் சதவீதத்துக்கு அர்த்தமில்லை. விற்பனையாளர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒரு விஷயம்: ஒரே மாடலில் ஆழம் குறைந்த கீல் உள்ள வகைக்கு, ஆழம் போனதை ஈடுகட்டக் கூடுதல் பேலஸ்ட் வைப்பார்கள். தாளில் அதன் சதவீதம் அதிகமாகத் தெரியும். கடலில் நிமிரும் விசை ஆழமான கீலைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். பேலஸ்ட் ஈயமா இரும்பா என்றும் கேளுங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, இரும்பு 7.2, அதே எடை இரும்பில் அதிக இடத்தை அடைத்து மேலேறி நிற்கும்.

கம்ஃபர்ட் எண்ணைப் படகு வடிவமைப்பாளர் டெட் ப்ரூவர் பாதி வேடிக்கையாகத்தான் உருவாக்கினார், ஆனால் நான்கில் அது அவ்வளவு மோசமில்லை. அலை தூக்கும்போது படகு எவ்வளவு வெடுக்கென்று எழும் என்பதைச் சொல்கிறது: 20-களில் கரையோரப் படகு, 30-களில் நெடும்பயணப் படகு, 40-க்கு மேல் கனமான படகு. வேலியன்ட் 34, வெஸ்ட்செயில் 42, கான்டெஸா 27. தட்டையான முன்னடி எதிரலையில் 'டமார்' என்று அறைவதை அது சொல்லாது. கான்டெஸாவின் 27-ஐ வைத்து அதைக் கரையோரப் படகு என்றால் ஃபாஸ்ட்நெட் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். சுகமான அசைவு மாலுமியைக் களைப்பிலிருந்து காக்கும், அதற்கும் எல்லை உண்டு: 1991 அக்டோபர் புயலில் வெஸ்ட்செயில் 32 ஒன்றிலிருந்து ஆட்களை அமெரிக்கக் கடலோரக் காவல்படை தூக்கிக்கொண்டது, ஆளில்லாத படகு பிழைத்து மேரிலாண்ட் கடற்கரையில் தானாக ஒதுங்கிக் கிடந்தது.

விகிதங்களுக்குப் பதில் கேட்க வேண்டிய தாள்

அந்தத் தாள் நிமிர்விசை வளைவு, அதாவது ஜிஇசட் வளைவு: ஒவ்வொரு சாய்வுக் கோணத்திலும் படகை நிமிர்த்தும் விசை எவ்வளவு என்று காட்டும் கோடு. ஐரோப்பாவில் 1998-க்குப் பின் விற்ற படகென்றால் உரிமையாளர் கையேட்டில் ஏ, பி, சி, டி என்ற வடிவமைப்புப் பிரிவாவது இருக்கும். நிலைத்தன்மைக்கான ஐஎஸ்ஓ 12217-2 தரக் கணக்கு தயாரிப்பாளரிடம் இருக்கும், கேட்டால் பலர் தருவார்கள். பழைய படகானால் அதே மாடலுக்கு யாராவது ஓஆர்சி (பந்தய அளவீட்டு) சான்றிதழ் எடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அதில் நிமிர்வு எல்லைக் கோணம், அதாவது நிமிரும் விசை பூஜ்யமாகும் கோணம், அச்சிட்டிருக்கும்.

பெருங்கடலுக்கான ஏ பிரிவுக்கு வேண்டியது: எடை குறைந்தது 3 டன், ஸ்டிக்ஸ் எண் (நிலைத்தன்மைக் குறியீடு) குறைந்தது 32, நிமிர்வு எல்லைக் கோணம் 130-இலிருந்து டன் எடையின் இரு மடங்கைக் கழித்த அளவுக்குக் குறையாமலும் 100-க்குக் குறையாமலும். 8.2 டன் படகுக்கு 113.6 பாகை போதும். எங்கள் கண்ணுக்கு இது தாராளமான விதி; தெற்குப் பெருங்கடல் பக்கம் போகிறவர் 120-க்குக் கீழே பார்க்கவே வேண்டாம் என்போம். மேலும் அந்தக் கணக்கு படகு குறைந்த சுமையில் இருப்பதாக வைத்துப் போட்டது. மாஸ்ட்டுக்குள் சுருளும் மெயின், ரேடார், சுருட்டிய நிலையில் உச்சி வரை நிற்கும் ஜெனோவா எல்லாம் ஏறிய பிறகு சில பாகைகள் கழிந்துவிடும். வளைவில் கோணத்தோடு பரப்பையும் பாருங்கள். பூஜ்யக் கோட்டுக்கு மேலுள்ள பரப்பு படகைக் கவிழ்க்க எவ்வளவு வேலை வேண்டும் என்பது. கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு தலைகீழான படகைத் திருப்ப எவ்வளவு வேலை வேண்டும் என்பது. கீழ்ப்பரப்பு பெரிதாக இருந்தால் அடுத்த பேரலை வரும் வரை தலைகீழாகத்தான் காத்திருக்க வேண்டும்.

படகின் அளவையும் மறக்கக் கூடாது. சவுதாம்ப்டன் தொட்டிச் சோதனைகளில், உடையும் அலையின் உயரம் படகு நீளத்தில் சுமார் 30 சதவீதம் ஆனபோதே குறுக்கே நின்ற சில மாதிரிகள் கவிழ்ந்தன. 60 சதவீதம் ஆனபோது எதுவும் தப்பவில்லை. அந்த 30 சதவீதம் 32 அடிப் படகுக்கு மூன்று மீட்டருக்குச் சற்றுக் கீழே. 40 அடிக்கு 3.7 மீட்டர். கோணம் குறைந்த பெரிய படகும் கோணம் நிறைந்த சிறிய படகும் இங்கேதான் கொஞ்சம் சமன் ஆகின்றன. மாஸ்ட் உடைந்து விழுந்தால் பாரம் குறைந்து படகு பத்திரமாகும் என்று நினைப்பவர்களும் உண்டு. நடப்பது நேர்மாறு. கழைக்கூத்தாடி கையிலுள்ள நீளக் கழி போல மாஸ்ட்டின் எடை உருளலை மந்தப்படுத்துகிறது. அது போனால் அலை அடித்ததும் படகு சட்டென்று சுழன்றுவிடும்.

ஜிஇசட் வளைவு எங்கும் கிடைக்கவில்லை என்றால் துறைமுகத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். காற்றில்லாத காலையில் கட்டுக்கயிறுகளைத் தளர்த்திவிட்டு, ஒருவர் ஷ்ரவுட் கம்பியை (மாஸ்ட்டைப் பக்கவாட்டில் தாங்குவது) பிடித்துத் தாளத்தோடு அசைக்கட்டும். படகு நன்றாக உருளத் தொடங்கியதும் அவர் விட்டுவிட வேண்டும். பத்து முழு உருளலுக்கு நேரம் எடுத்துப் பத்தால் வகுங்கள். தனியாகப் பார்த்தால் அந்த எண்ணுக்குப் பெரிய பொருளில்லை. அதே மாடலில் இன்னொரு படகோடு, அல்லது அதே படகில் பின்பக்க ஸ்டீல் வளைவும் டிங்கியும் ஏற்றுவதற்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும். 3.6 நொடி 4 நொடி ஆனால், ஆரம்ப நிமிர்வு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கக்கூடும். உயரத்தில் ஏறிய எடை உருளலை மந்தப்படுத்துவதும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் மேலே எடை கூடியிருக்கிறது. கட்டமரான்களுக்கு (இரட்டை உடல் படகுகள்) இந்தச் சோதனையும் கேப்சைஸ், கம்ஃபர்ட் எண்களும் பொருந்தாது.

எண்கள் எட்டிப் பார்க்காத இடம்

2014 மே மாதம் 'சீக்கி ராஃபிக்கி' என்ற 40 அடிப் படகின் கீல் நடு அட்லாண்டிக்கில் கழன்று விழுந்தது, நால்வரும் திரும்பவில்லை. கீல் இருக்கும்வரை எந்த விகிதமும் அந்தப் படகில் தப்புச் சொல்லியிருக்காது. முன்பு தரைதட்டியதும் பின் செய்த பழுதுபார்ப்பும் கீலைத் தாங்கும் அமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விபத்து விசாரணை அறிக்கை சொன்னது. ஃபாஸ்ட்நெட்டிலோ கேபின் வாசலை மூடும் பலகைகள் கழன்று போனதால் தண்ணீர் புகுந்த படகுகள் பல. ஆகவே கேபின் வாசல் பலகையை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பூட்ட முடிகிறதா என்று பாருங்கள். காக்பிட்டின் வடிகாலை அடைத்து ஹோஸ் குழாயால் நிரப்பி, திறந்ததும் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, அதற்குள் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

கீலுக்கு நேரம் ஒதுக்குங்கள். படகு பெல்ட்டில் தொங்கும்போது கீலும் ஹல்லும் சேரும் கோட்டின் முன்முனையைப் பாருங்கள். வெள்ளை சீலன்ட் வாய் பிளந்து, துருநீர் கசிந்த பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் போல்ட்டைச் சந்தேகிக்கலாம். பிறகு மெதுவாகக் கட்டைமேல் இறக்கச் சொல்லுங்கள். எடை கீலில் இறங்கும்போது அந்தப் பிளவு மூடிக்கொண்டால் இணைப்பு அசைகிறது. தரைதட்டிய படகில் சேதம் முன்னால் மட்டும் இருக்காது. மோதும்போது கீலின் பின்முனை ஹல்லுக்குள் மேலே குத்தும். அதனால் உள்ளே தரைப்பலகைகளைத் தூக்கி, கடைசிக் கீல் போல்ட்டுக்குப் பின்னால் உள்ள குறுக்குச் சட்டங்களையும் அவை ஹல்லோடு ஒட்டிய விளிம்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முடிபோன்ற விரிசல், புது ஃப்ளோகோட் பூச்சு, ஒரு இடத்தில் மட்டும் மங்கலாக ஒலிக்கும் பிளாஸ்டிக் சுத்தியல் தட்டு: மூன்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வேலை விலை பேசுவது இல்லை. சர்வேயரைக் கூப்பிட்டு ஒரு போல்ட்டை உருவிப் பார்ப்பதுதான்.